துணைச் சொட்டு

சொட்டக்கா, 1948–2021. கேமராத் தொழிற்சாலையின் ஷட்டர் மேசையில் நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்தவர். அவற்றுள் கடைசி இருபத்தைந்து ஆண்டுகள் அம்மேசைக்குத் தலைவியாக இருந்தவர்.

அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் அவரிடம் கொடுக்கப்பட்டவை மூன்றே பொருள்கள்: ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, முனை மழுங்கிய ஊசி ஒன்று, கட்டைவிரல் உயரத்தில் ஓர் எண்ணெய்ச் சிமிழ். ஊசியைச் சிமிழில் தொட்டு எடுத்தால் அதன் நுனியில் கடுகில் கால் பங்கு அளவுக்கு ஒரு சொட்டு நிற்கும். அதை ஷட்டரின் எட்டு இடங்களில் வைக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் கண் இமைப்பதற்குள் திறந்து மூடும் மெல்லிய தகடுகளுக்குத்தான் ஷட்டர் என்று பெயர். எண்ணெய் குறைந்தால் தகடு திக்கும், கூடினால் வழியும். நாளொன்றுக்கு அறுபது ஷட்டர்கள் வீதம், கை நடுங்காமல் சொட்டு வைத்துப் பேர் வாங்கியதால் 'சொட்டக்கா' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே அழைத்தார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

1974இல் பனி பெய்யும் பகுதிகளிலிருந்து கேமராக்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. குளிரில் ஷட்டர் அசைய மறுத்தது. அந்நாளைய எண்ணெய் கெட்டியானது. அது இறுகிப் பின்வாங்க, தகடுகளைத் தாங்கும் கீழ் அச்சு வறண்டு நின்றது. பொறியாளர்கள் வரைபடத்தை விரித்து வைத்து வாதிட்டுக் கொண்டிருந்தபோது, இருபத்தாறு வயதுச் சொட்டக்கா ஒருவரிடமும் கேளாமல் கீழ் அச்சில் மட்டும் இரண்டாவது சொட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார். அந்த ஷட்டர்கள் திரும்பி வரவில்லை.

"அது எதுக்குக்கா ரெண்டாவது?" என்று அப்போது பக்கத்து இருக்கையில் இருந்தவள் கேட்டாள்.

"தெரியாத ஊருக்குப் போகுது பாவம். துணைக்கு ஒண்ணு கூடப் போகட்டுமே."

அன்று முதல் அதற்குத் துணைச் சொட்டு என்று பெயராயிற்று. மேசைக்குப் புதிதாக வந்த ஒவ்வொருத்தியும் எட்டுச் சொட்டும் ஒரு துணையும் என்று மனப்பாடம் செய்தாள். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளில் எட்டு இடம், எட்டுச் சொட்டு என்றே இருந்தது. துணைச் சொட்டை எவரும் தாளில் ஏற்றவில்லை. ஏற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை. வாசல் வரை வந்து வழியனுப்புவதை யாராவது எழுதி வைப்பார்களா?

இருபத்தைந்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. பிறகு டிஜிட்டல் வந்தது.

முதலில் அது செய்தியாகத்தான் வந்தது. பிலிம் இல்லாமலே படம் பிடிக்கும் கேமராவாம் என்று தேநீர் வேளையில் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு பிலிம் கேமராவுக்கான தேவை பாதியாகச் சரிந்தபோது சிரிப்பும் பாதியாயிற்று. நிர்வாகம் நெடுநாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. கைவசம் உள்ள நல்ல கேமராவின் உடலையும் ஷட்டரையும் அப்படியே வைத்துக்கொண்டு, பிலிம் ஓடும் இடத்தில் ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் என்ற சில்லைப் பொருத்திவிடலாம் என்பதே அது. பிலிமைச் சுற்றும் பற்சக்கரங்களுக்கு அதில் வேலை இல்லை. ஆகவே எதிர்வரிசையில் அவற்றைப் பொருத்திக்கொண்டிருந்த சுற்று மேசையைக் கலைத்து, அதிலிருந்த ஒன்பது பெண்களையும் அட்டைப்பெட்டி மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஷட்டர் மேசையின் பதினான்கு பேரும் காலியான அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

"நம்ம தகடு இன்னும் வேணும்ல அக்கா?" என்று நெட்டை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது கேட்பாள். நெட்டை அம்மேசையின் உயரமான பெண். வாயும் அதே உயரம்.

"வெளிச்சத்தைத் திறந்து மூட ஆள் வேணும்ல. வேணும்."

டிஜிட்டல் பிரிவுக்கென்று கணினி படித்த பொறியாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது, மெலிந்த உருவம், எதைக் கேட்டாலும், "எல்லாமே கடைசில சைபர், ஒண்ணு, அவ்வளவுதான்" என்று தொடங்குவார். மூன்றாம் நாளே அவர் 'சைபர் சார்' ஆகிவிட்டார். நல்ல மனிதர். ஷட்டர் மேசைக்கு வந்து நின்று, ஊசி நுனியில் சொட்டு நிற்பதைக் குழந்தைபோலப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்னதா எப்படிங்க எடுக்கறீங்க?" என்று கேட்டவர் அவர் ஒருவரே. முப்பது ஆண்டுகளில் வேறெந்தப் பொறியாளரும் அதைக் கேட்டதில்லை.

2000 செப்டம்பரில் சோதனைக்கென இருநூற்று நாற்பது டிஜிட்டல் கேமராக்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர்களிடம் அனுப்பப்பட்டன. அக்டோபரிலேயே புகார்கள் வரத் தொடங்கின. படங்கள் தெளிவாக இருந்தன. நிறம் நன்றாக இருந்தது. ஆனால் வானத்தைப் பிடித்தால் வானத்தில் புள்ளிகள் இருந்தன. ஒரு புகைப்படக்காரர் தம் படத்தோடு ஒரே வரியில் கடிதம் அனுப்பியிருந்தார்: "உங்கள் கேமராவுக்கு அம்மை போட்டிருக்கிறது."

தூசி என்று முடிவு செய்தார்கள். தூசியைப் பிடிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். பொருத்தும் கூடத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு எழுப்பினார்கள். தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை, கைக்கு உறை. முகப்பவுடருக்குத் தடை. சீப்பை உள்ளே கொண்டுவந்தாலே குற்றம்.

"இன்னும் மூச்சு விடறதுக்கு மட்டும்தான் தடை போடல" என்றாள் நெட்டை.

"சத்தமா சொல்லாதடி, யோசனை கொடுத்துறாத."

அவ்வளவும் செய்த பிறகும் புள்ளி வந்தது. சென்சாரைத் துடைத்து அனுப்பினால் முதல் நூறு படம் சுத்தம். இருநூறாவது படத்தில் ஒரு புள்ளி. ஆயிரமாவது படத்தில் ஒரு குடும்பம். நவம்பர் ஆறாம் தேதி மேலாளர் ஒவ்வொரு மேசையாக விசாரணை நடத்தினார். ஷட்டர் மேசைக்குச் செய்முறைத் தாளை எடுத்து வந்து வாசித்தார்.

"எட்டு இடம், எட்டுச் சொட்டு. தாள்ல இருக்கற மாதிரிதானே செய்றீங்க?"

"ஆமாம் சார்" என்றார் சொட்டக்கா. அடியில் கையெழுத்திட்டார். அவரைத் தொடர்ந்து பதின்மூன்று பேரும் இட்டார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. சொன்னது உண்மையாகவும் இல்லை. எண்ணெய் என்று கேட்டபோது எட்டுச் சொட்டுகளே அவர் நினைவில் வந்தன. ஒன்பதாவது அவர் மனத்தில் எண்ணெயாகவே இருந்ததில்லை.

கூடவே ஒரு செய்தியும் வந்தது. நவம்பர் இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் காரணம் கண்டுபிடிக்கப்படாவிட்டால் சொந்தமாகச் செய்யும் முயற்சி கைவிடப்படும். வெளியிலிருந்து முழுக் கேமராவாக வாங்கி, பெயரை மட்டும் ஒட்டி அனுப்புவார்கள். பெயர் ஒட்டுவதற்கு ஷட்டர் மேசை எதற்கு?

நவம்பர் பதினைந்தாம் தேதி காலையில், எண்ணெய்ச் சிமிழை நிரப்பச் சென்ற சொட்டக்கா சைபர் சாரின் அறையைக் கடந்தார். கதவு திறந்திருந்தது. சுவர் முழுவதும் படங்கள். பத்து வானங்களை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் புள்ளிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். பத்திலும் வட்டம் ஒரே இடத்தில் இருந்தது: மேல் மூலை, இடப்பக்கம்.

"வாங்கக்கா, வாங்க. நீங்களாவது பாருங்க" என்றார் அவர். கண்கள் சிவந்திருந்தன. மேசைமேல் ஒரு கேமராவை, லென்ஸ் பொருத்தும் வாய் தெரியும்படி வைத்து, அதன் மேல் மூலையை ஊதிக்கொண்டிருந்தார். "ஒரு மாசமா இந்த மேல் மூலையைத்தான் பிரிச்சுப் பிரிச்சு மாட்டறேன். இந்தப் பக்கம் தூசி கொட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

சொட்டக்கா சிரித்துவிட்டார். "சார், படத்துல மேல இருந்தா பெட்டில கீழ இல்ல இருக்கும்? லென்ஸ் எல்லாத்தையும் தலைகீழாத்தானே உள்ள அனுப்பும்."

சைபர் சாரின் முகத்தில் ஈயாடவில்லை. கணினித் திரையில் நிமிர்ந்தே வரும் படத்தைப் பார்த்துப் பழகியவர் அவர். இதைச் சொல்லியிருக்கக்கூடிய பழைய வடிவமைப்புப் பொறியாளர் மே மாதமே ஓய்வு பெற்றுவிட்டார். சொட்டக்காவோ, பின்கதவைத் திறந்து எண்ணெய்த்தாளை ஒட்டித் தலைகீழ் உருவம் பார்த்து ஷட்டரைச் சரிபார்த்தவர். அவருக்கு அது மழை மேலிருந்து பெய்கிறது என்பதுபோன்ற விஷயம்.

"அப்போ… கீழ் மூலை" என்றார் சைபர் சார் மெதுவாக. "வாய் நம்ம பக்கம் பார்த்தா, கீழே, இடது கைப் பக்கம். அங்க என்னக்கா இருக்கு?"

அங்கே என்ன இருக்கிறது என்பது அந்தத் தொழிற்சாலையில் சொட்டக்காவைவிட நன்றாக எவருக்கும் தெரியாது. அங்கே கீழ் அச்சு இருக்கிறது.

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது.

"பார்த்துச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு, சிமிழை நிரப்பாமலே திரும்பினார்.

அவரது கணவர் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிந்தவர். நாள் முழுவதும் நுண்ணோக்கியில் கண் பதித்திருப்பவர். அன்று மாலை அவர் வீடு திரும்பியபோது, செருப்பைக் கழற்றுவதற்குள் சொட்டக்கா கேட்டார்: "என்னங்க, உங்ககிட்ட இந்த ரத்தம் தேய்க்கற கண்ணாடித் துண்டு இருக்குல்ல, ரெண்டு மூணு கிடைக்குமா?"

"எதுக்கு? கேமராவுக்கு ரத்த சோகையா?"

"அதுக்கு அம்மைன்னு ஏற்கெனவே ஒருத்தர் எழுதிட்டாரு. நீங்க வேற."

மறுநாள் காலை, சென்சார் பொருத்தப்படாத ஒரு கேமராவில் சென்சாரின் இடத்தில் அந்தக் கண்ணாடித் துண்டை வைத்து, சொட்டக்கா ஷட்டரை ஆயிரம் முறை இயக்கினார். ஆயிரம் முறை பொத்தானை அழுத்த இரண்டு மணி நேரம் ஆயிற்று, கட்டைவிரல் வீங்கிவிட்டது. கண்ணாடியைக் காகிதத்தில் மடித்து, மதிய இடைவேளையில் மருத்துவமனைக்கே எடுத்துச் சென்றார். கணவர் அதை நுண்ணோக்கியில் வைத்தார். ஒரு நொடி பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"தூசியா?" என்று கேட்டார் சொட்டக்கா. தூசி என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசை குரலில் தெரிந்தது.

"தூசின்னா முடி முடியா, ஓரம் பிஞ்சு இருக்கும். இது வட்டமா, சுத்தி ஒரு வளையத்தோட உட்கார்ந்திருக்கு. நாங்க மைக்ராஸ்கோப் லென்ஸுக்கு அடில, தெளிவா தெரியறதுக்காக தினமும் வைக்கிற சமாச்சாரம்தான். எண்ணெய்ம்மா."

"நிச்சயமாத்தானா?"

"இருபத்தெட்டு வருஷமா இதைத் துடைச்சிட்டு இருக்கேன்."

சொட்டக்கா முக்காலியில் உட்கார்ந்தார். கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நடந்ததைச் சொல்லச் சொல்ல, சொட்டக்காவுக்கே அது விளங்கியது. பிலிம் கேமராவிலும் அந்தத் துணைச் சொட்டு தெறித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் பிலிம் நகரும். ஒரு படத்தின்மேல் விழுந்த துளி அந்தப் படத்தோடு போய்விடும். பிலிமைக் கழுவும்போது போயும்விடும். சென்சார் நகர்வதில்லை. வந்ததெல்லாம் அங்கேயே தங்கிவிடும்.

"துணைக்குன்னு அனுப்பினேன். அது போன வீட்டிலேயே குடியேறிடுச்சு" என்றார் சொட்டக்கா.

"கையெழுத்து வேற போட்டிருக்க" என்றார் கணவர்.

"அதான்."

அன்றிலிருந்து அவரை அரித்த கேள்வி இதுதான். பேசாமலிருந்தால் காரணம் தெரியாமலே இருபத்தேழாம் தேதி வந்துவிடும். கேமராவும் போகும், மேசையும் போகும். சொன்னால், இருநூற்று நாற்பது கேமராக்களைக் கெடுத்தது ஷட்டர் மேசைதான் என்று ஆகும். அப்படிப்பட்ட மேசையை எந்த நிர்வாகம் வைத்துக்கொள்ளும்? பதினான்கு குடும்பங்கள் அந்த ஊசி நுனியில் நின்றன. தன் பெயர் கெடுவதைப் பற்றியும் அவர் எண்ணாமல் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கை சுத்தம் என்று பெயரெடுத்தவருக்கு அது சிறிய விஷயமன்று.

முதலில் நெட்டையிடம் சொன்னார். கை கழுவும் இடத்தில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

"அக்கா, வாயை மூடிட்டு இருங்க" என்றாள் நெட்டை. "நாளைலேர்ந்து துணைச் சொட்டை நிறுத்திருவோம். புள்ளி தானா நின்னுரும். அந்தத் தூசி ரூமைக் கட்டினாங்கல்ல, அதனாலதான் நின்னுச்சுன்னு அவங்களே மாலை போட்டுக்குவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

யோசனை மோசமில்லை. சொட்டக்காவுக்கே ஒரு கணம் இனித்தது.

"நிக்கும்தான். ஆனா குளிர்ல திரும்பவும் திக்குச்சுன்னா? அப்போ யாராவது ஒருத்தி யாருக்கும் சொல்லாம இன்னொரு சொட்டு வைப்பா. நான் வச்ச மாதிரியே. அப்புறம் இன்னொரு அம்மை. இது யாருக்கும் தெரியாம இருந்ததுதாண்டி இதோட நோயே."

"நீங்க பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு. எங்க கதி?"

"சும்மா போய்ச் சொல்லப் போறதில்ல. கையில மருந்தோட போகப் போறேன்."

மருந்து என்ன என்பதைக் கண்டறிய அவருக்கு இருந்தவை ஏழு வேலை நாள்கள். பதினான்கு ஷட்டர்களை எடுத்தார். ஏழில் துணைச் சொட்டு. ஏழில் எட்டு மட்டும். குளிரில் எது திக்குகிறது என்று பார்க்க வேண்டும். தொழிற்சாலையின் குளிர்ப்பெட்டியோ அந்த மாதம் முழுவதும் வேறொரு பிரிவின் பிடியில் இருந்தது. ஆகவே கேன்டீன்காரரிடம் போனார்.

"அண்ணே, உங்க ஐஸ் பெட்டில ஒரு தட்டு இடம் குடுங்க."

"என்ன வைக்கப் போறீங்க?"

"ஷட்டர்."

கேன்டீன்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மேலதிகாரிங்க கேட்டா என்ன சொல்றது?"

"இன்னைக்கு ஸ்பெஷல்னு சொல்லுங்க."

பால் பைகளுக்கும் பனிக்கட்டித் தட்டுக்கும் இடையே பதினான்கு ஷட்டர்கள் இரண்டு இரவும் ஒரு பகலும் உறைந்தன. எடுத்து ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தபோது சொட்டக்கா எதிர்பாராதது நடந்தது. பதினான்கும் திக்காமல் திறந்து மூடின. துணையில்லாத ஏழும்கூட.

காரணத்தை அவரே சரக்கறைப் பதிவேட்டில் தேடிக் கண்டார். 1988இல் எண்ணெயை மாற்றியிருக்கிறார்கள். புதியது குளிரில் இறுகாத ரகம். பன்னிரண்டு ஆண்டுகளாகத் துணைச் சொட்டுக்கு வேலையே இல்லை. தேவை போன பிறகும் கை தன் பாட்டுக்கு வழியனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

அடுத்து, தெறிப்பு. எட்டுச் சொட்டு மட்டும் வைத்த ஷட்டரைக் கண்ணாடித் துண்டுக்கு முன் வைத்து ஆயிரம் முறை இயக்கினால் இரண்டு மூன்று சிறு வளையங்கள் விழுந்தன. கண்ணாடியைத் துடைத்து மறுபடி ஆயிரம்: ஒன்று. மீண்டும் ஆயிரம்: ஒன்றுமில்லை. சொட்டு வைத்ததும் தளர்வாக நிற்கும் எண்ணெய் முதல் மூவாயிரத்துக்குள் தெறித்து முடிந்துவிடுகிறது. அப்படியானால் அது சென்சாரின்மேல் தெறிப்பதற்குப் பதிலாக, மேசையிலேயே கண்ணாடியின்மேல் தெறிக்கட்டும். கண்ணாடி சுத்தமாகத் தெரிந்த பிறகே ஷட்டர் கேமராவுக்குள் போகட்டும். அழுத்தும் வேலையை மேசைப் பெண்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். கட்டைவிரல்களெல்லாம் வீங்கிப் போயின.

நவம்பர் இருபத்து நான்கு, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சொட்டக்கா மேலாளரின் அறைக்குள் சென்றார். சைபர் சாரும் அங்கே இருந்தார். கண்ணாடித் துண்டுகளை வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக அடுக்கினார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன் பெயரை மட்டும் சொன்னார். மேசையில் தான் வைத்ததே சட்டம் என்றும், மற்றவர்கள் செய்தது தன் பேச்சைக் கேட்டுத்தான் என்றும் சொன்னார்.

மேலாளரின் முகம் சிவந்தது. "கேட்டேனே! தாளை வாசிச்சுக் காட்டிக் கேட்டேனே! கையெழுத்துப் போட்டீங்களே!"

"போட்டேன் சார். தப்புதான். அதை எண்ணெய்னு நான் நினைச்சதே இல்ல."

"எண்ணெயை எண்ணெய்னு நினைக்காம பின்ன என்னன்னு நினைச்சீங்க?"

சொட்டக்கா தலை குனிந்தார். துணை என்று சொன்னால் அந்த அறையில் யாருக்குப் புரியும்?

அப்போது கதவு தட்டப்படாமலே திறந்தது. நெட்டை நின்றாள், அவளுக்குப் பின்னால் தலைகள்.

"சார், அக்கா தான் மட்டும்தான் வச்சேன்னு சொல்லியிருப்பாங்க. நம்பாதீங்க. அவங்க வைக்கிறது சின்னச் சொட்டு. நான் வைக்கிறதுதான் பெருசு. என் சீட்டு நம்பர் போட்ட ஷட்டரை எடுத்துப் பாருங்க, புள்ளி வேர்க்கடலை சைஸுக்கு இருக்கும்."

"நீ போடி" என்றார் சொட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

சைபர் சார் இவர்கள் எவரையும் கவனிக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கண்ணாடியில் ஒன்றுமில்லை. அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிலிம் நகரும், இது நகராது" என்றார் தமக்குத்தாமே. பிறகு மேலாளரிடம் திரும்பினார். "சார், ஆறு வாரமா நாம தேடினதை இவங்க ஒரு ஐஸ் பெட்டியும் பத்துக் கண்ணாடியும் வச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. திட்டறதைத் திங்கட்கிழமைக்கு அப்புறம் வச்சுக்கலாமா? இப்போ எனக்கு இந்த மேசை வேணும்."

"வேணும்னா?"

"மூவாயிரம் தடவை ஓட்ட நான் மோட்டார் வச்சு ஒரு தட்டு செஞ்சு தர்றேன். ஆனா கண்ணாடியைப் பார்த்து 'இது சுத்தம்'னு சொல்றதுக்கு எனக்குக் கண்ணு கிடையாது. இவங்களுக்கு இருக்கு. அதெல்லாம் சைபர், ஒண்ணுல வராது."

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நடந்தவை சொட்டக்காவுக்கு நேரில் தெரியாது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போன மேலாளர் ஒன்றரை மணிக்கு வெளியே வந்து நேராக ஷட்டர் மேசைக்கு நடந்தார். பதினான்கு ஊசிகள் அந்தரத்தில் நின்றன. அவர் இரண்டு காகிதங்களை மேசையில் வைத்தார். ஒன்று, தவறான உறுதிமொழி அளித்ததற்காகச் சொட்டக்காவுக்கு எச்சரிக்கை. மற்றொன்று, புதிய முறையில் நூறு கேமராக்கள் செய்து பார்க்க ஷட்டர் மேசைக்கு எட்டு வார அவகாசம்.

"முதல்ல எதைப் படிக்கணும் சார்?" என்று கேட்டாள் நெட்டை.

மேலாளர் தம்மை மறந்து சிரித்துவிட்டார்.

நூறு கேமராக்களும் சனவரி இறுதியில் வெளியே சென்றன. வானங்கள் சுத்தமாகத் திரும்பி வந்தன. அம்மை என்று எழுதிய அதே புகைப்படக்காரர் இம்முறை கடிதம் எழுதவில்லை. கேமராவைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு என்ன வேண்டும்?

அவ்வாண்டு ஏப்ரலில் சைபர் சாரின் மோட்டார்த் தட்டுகள் பன்னிரண்டு வந்திறங்கின. ஷட்டரை ஓட்ட, கண்ணாடியை மாற்ற, துடைக்க, பார்க்க ஆள் போதவில்லை. அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த சுற்று மேசைப் பெண்கள் ஒன்பது பேரையும் கேட்டு வாங்கினார் சொட்டக்கா. காலியாக இருந்த எதிர்வரிசை நிறைந்தது. நாள் முழுவதும் பன்னிரண்டு ஷட்டர்கள் ஒன்றாகத் தடதடக்கும் ஓசையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நெட்டைக்கு மட்டும் அந்தச் சிரமம் இல்லை.

செய்முறைத் தாளையும் சொட்டக்கா விட்டுவைக்கவில்லை. பழையதைக் கிழித்தெடுத்து, மேசையிலிருந்த ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து, அவள் கை செய்வதையெல்லாம் எழுதினார். சொட்டு வைத்ததும் ஊசியைப் புறங்கையில் துடைப்பது, தகட்டை ஊதுவது, திருகாணியை இறுக்கியபின் ஒரு தட்டுத் தட்டுவது ஆகிய அனைத்தும் தாளில் ஏறின. எட்டு வரியாக இருந்த தாள் ஐந்து பக்கமாயிற்று. சிலவற்றின் எதிரே 'தேவை' என்றும், சிலவற்றின் எதிரே 'பழக்கம். விடுக' என்றும் குறித்தார். கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தது: "இத்தாளில் இல்லாத ஒன்றை உங்கள் கை செய்தால், கையைத் திட்டாதீர்கள், வந்து சொல்லுங்கள்."

அடுத்தடுத்து வந்த மாதிரிகளில் ஷட்டரும் மாறியது, சென்சாரும் மாறியது. சென்சார் தன்னைத்தானே உதறித் தூசி தட்டிக்கொள்ளும் கேமராவும் வந்தது. ஒவ்வொன்றும் கண்ணாடித் துண்டைக் கடந்தே வெளியே சென்றது. சொட்டக்கா 2008இல் ஓய்வு பெற்றபோது மேசையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். பிரிவுபசார நாளில் சைபர் சார் அவருக்கு ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்து, தம்மைப் படம் பிடிக்கச் சொன்னார். சொட்டக்கா அவரை விட்டுவிட்டு ஜன்னல் வழியே வானத்தைப் பிடித்தார். திரையில் பெரிதாக்கி, மேல் இடது மூலையை வெகு நேரம் பார்த்தார்.

"திருப்திதானேக்கா?" என்றார் அவர்.

"இப்போ உங்களைப் பிடிக்கலாம். நில்லுங்க."

ஓய்வுக்குப் பிறகு எண்ணெய்ச் சிமிழும் ஊசியும் வீட்டின் அலமாரியில் இருந்தன. கதவுக் கீல், சைக்கிள் சங்கிலி, கணவரின் மூக்குக்கண்ணாடிக் காது என எது கிறீச்சிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கும் ஒரே சொட்டுதான்.

மருமகளின் தையல் இயந்திரம் ஒரு காலைப்பொழுதில் திக்கத் தொடங்கியது. சொட்டக்கா தலைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, மூடியைக் கழற்றி, ஊசி நுனியில் ஒரு சொட்டு எடுத்து வைத்தார். கை நடுங்கவில்லை. இயந்திரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இன்னும் ஒண்ணு வச்சிருங்களேன் அத்தை, ரொம்ப நாளைக்கு வரும்" என்றாள் மருமகள்.

"துணியில கறை படும்மா. இது போதும். திரும்பத் திக்கினா சொல்லு."

பழைய துணித்துண்டு ஒன்றை அடியில் கொடுத்து, கறை விழுகிறதா என்று நூறு தையல் ஓடவிட்டுப் பார்த்தார். துணி சுத்தமாக இருந்தது. சிமிழை மூடி அலமாரியில் வைத்தார்.

அவர் கடைசியாக எண்ணெய் இட்டது அன்றுதான்: 2021 சனவரி 9, சனிக்கிழமை.